மெட்டு போட்டவர் பெயர்

பாட்டுப் போட்டிக்குக் கொடுக்கும் படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருக்கும். ஒன்றில் வரிகள் எழுதியவர் பெயர். இன்னொன்றில் மெட்டு போட்டவர் பெயர். ஒரு வருடம் அந்த இரண்டாவது கட்டத்திலும் என் பெயரையே எழுதினேன். அங்கே இருக்க வேண்டியது என் பெயர் இல்லை.

நான் அதிகம் படித்தவன் இல்லை. தொடக்கப்பள்ளியோடு நின்றுவிட்டது. செம்பவாங்கில் கப்பல் பட்டறையில் முப்பது வருடத்துக்குக் கிட்டே பெயிண்ட் அடித்தேன். சாப்பாட்டு நேரத்தில் காலி டின்களைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டித் தட்டித்தான் தாளம் பிடித்தது. பிறகு ஒரு பழைய டிரம் செட் வாங்கினேன்.

எங்கள் இசைக்குழுவில் மூன்று பேர். கிதார் வாசிப்பவனை நான் பாய் என்றுதான் கூப்பிடுவேன். லிட்டில் இந்தியாவில் பயணப்பெட்டியும் கம்பளியும் விற்கும் கடை வைத்திருக்கிறான். அவன் தாத்தா தஞ்சாவூர் பக்கம் ஒரு கடற்கரை ஊரிலிருந்து வந்து தொடங்கிய கடை. பாடுகிறவள் பஸ் ஓட்டுகிறாள். எங்கள் இருவரையும்விடப் பத்து வயது சின்னவள். என்னை அண்ணே என்பாள்.

கல்யாண விருந்துகளில் வாசித்தோம். அங்கே சினிமாப் பாட்டுதான் வேண்டும். நாங்களே கட்டிய பாட்டு ஒன்று பாடட்டுமா என்று ஒருமுறை கேட்டோம். சாப்பாடு முடிந்து ஆட்கள் எழுந்த பிறகு பாடிக்கொள்ளுங்கள் என்றார்கள். பாடினோம். நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த ஆள் ஒருவர் மட்டும் அதைக் கேட்டார்.

போட்டி அப்படி இல்லை. போட்டியில் சொந்தப் பாட்டுதான் கொண்டுவா என்பார்கள். இந்தத் தேதிக்குள் முடி என்பார்கள். ஆறேழு மாதமாக அரைகுறையாகக் கிடக்கும் பாட்டு அந்தத் தேதிக்குப் பயந்து முடிந்துவிடும். நாலு நிமிஷம் ஒரு கூட்டம் பேசாமல் உட்கார்ந்திருக்கும். முன்வரிசையில் மூன்று பேர் பேனாவோடு இருப்பார்கள். பாடுவதற்கு முன்னால் அறிவிப்பாளர் பாட்டு யாருடையது என்று மைக்கில் வாசிப்பார். எங்களைப் போன்றவர்களின் பெயரை வேறு எங்கே மைக்கில் வாசிக்கிறார்கள்? பட்டறையில் மைக்கில் பெயர் வந்தால் ஏதோ தப்பு நடந்திருக்கும்.

நாங்கள் பாட்டு கட்டுவது ஒரு மாதிரி. வரிகள் நான் எழுதுவேன். கையில் கிடைத்த அட்டையில், மருந்து உறையில் எழுதுவேன். பாய் அதைப் படிக்க மாட்டான். என்னைப் பேசச் சொல்வான். பாடக்கூடாது, ராகம் போடக்கூடாது. பக்கத்து வீட்டுக்காரனிடம் சொல்வது போலச் சொல்ல வேண்டும். நான் சொல்லச் சொல்ல, என் குரல் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று கேட்டுக்கொண்டே இருப்பான். பிறகு வாயை மூடிக்கொண்டு முனகுவான். அந்த முனகல்தான் மெட்டு. அவன் மெட்டுப் போட்ட பிறகு அந்த வரியை வேறு மாதிரி சொல்லவே வராது.

யார் என்ன செய்தோம் என்று நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. நம்ம பாட்டு என்போம். அவ்வளவுதான்.

பட்டறை வாசலில் காலை பஸ்ஸுக்கு நிற்பதைப் பற்றி ஒரு பாட்டு கட்டினோம். அதைப் போட்டிக்குக் கொடுப்பதாக முடிவானது. பாய் மனைவியோடு உம்ராவுக்கு மக்கா போயிருந்தான். படிவத்துக்குக் கடைசி நாள் வந்துவிட்டது. யார் பெயர் எழுதினாலும் அவருடைய அடையாள எண்ணும் சம்மதமும் வேண்டும் என்று இருந்தது. போன் பண்ணியிருக்கலாம். வணக்கத்துக்குப் போன ஆளை எதற்குத் தொந்தரவு செய்வது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது ஒரு சாக்கு. இன்னொன்றும் சொல்லிக்கொண்டேன். என் வாயிலிருந்து எடுத்த மெட்டுதானே, ஒரு விதத்தில் என்னுடையதுதான் என்று. இரண்டு கட்டத்திலும் என் பெயரை எழுதி அனுப்பினேன். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். சொல்லவில்லை.

போட்டிக்கு மூன்று நாள் முன்பு பாய் திரும்பி வந்தான். தலை மொட்டை. பேரீச்சம்பழம் கொண்டுவந்தான். மூன்று நாளும் பாடிப் பழகினோம். மூன்று நாளும் நான் வாய் திறக்கவில்லை.

மேடையில் நின்றோம். அறிவிப்பாளர் வாசித்தார். வரிகள், என் பெயர். மெட்டு, என் பெயர். பாய் கிதாரை மாட்டிக்கொண்டு என் பக்கத்தில் நின்றான். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பாட்டை முழுதாக வாசித்தான். ஒரு இடத்தில்கூடத் தவறவில்லை. இரண்டாவது பரிசு கிடைத்தது. பரிசு வாங்க மேலே கூப்பிட்டபோது அவன் கிதாரைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தான். ஜிப்பை மூடினான். போய்விட்டான்.

போன் செய்தேன். எடுக்கவில்லை. இரண்டு தடவை செய்துவிட்டு நானும் விட்டுவிட்டேன்.

பரிசு ஒரு கண்ணாடிப் பலகை. என் பெயர் செதுக்கியிருந்தது. என் மனைவி அதைக் கையில் வாங்கி வாசித்தாள்.

"பாய் பேரு எங்க?" என்றாள்.

நான் குளிக்கப் போனேன். அவள் அதற்குப் பிறகு கேட்கவில்லை. வீட்டில் எல்லாச் சாமானையும் வெள்ளிக்கிழமை துடைப்பாள். அந்தப் பலகையை மட்டும் தொட மாட்டாள். அது தூசி பிடித்து நின்றது.

பிறகு கோவிட் வந்தது. மேடைகள் மூடின. திறந்த பிறகும் நாங்கள் சேரவில்லை. அப்புறம் என் மனைவிக்குச் சிறுநீரகம் போனது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். இரண்டு வருடம் இருந்தாள். போய்ச் சேர்ந்தாள்.

எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே அவள் உடலை வைத்திருந்தோம். இரண்டாம் நாள் பாய் வந்தான். ஒரு தூண் பக்கத்தில் நின்றான். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. அவள் முகத்தைப் பார்த்தான். என் கையைப் பிடித்தான். போய்விட்டான்.

அவள் போன பிறகு துணி துவைப்பது என் வேலை. எங்கள் வீடு பன்னிரண்டாவது மாடி. ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் துணி காயும். முன்பெல்லாம் கழி நிறைந்திருக்கும். இப்போது என் சட்டை இரண்டு. மீதிக் கழி வெறுமனே நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது வரிகள் வந்தன. அவளுடைய மருந்து உறைகள் இன்னும் டிராயரில் இருந்தன. அதிலேயே எழுதினேன்.

கழியில காயுது என் சட்டை மட்டும்
பக்கத்துல இடம் கெடக்கு
காத்து வந்து தடவிப் பாத்துட்டுப் போவுது
யாரைத் தேடுதோ தெரியல

இதுதான் முதல் சரணம். மூன்று சரணம் எழுதினேன். மெட்டு இல்லை. நானே போட்டுப் பார்த்தேன். எதைப் போட்டாலும் ஏற்கெனவே எங்கேயோ கேட்ட பாட்டாக வந்தது.

பாடுகிறவள் வாரம் ஒருமுறை போன் செய்வாள். சாப்பிட்டீர்களா என்று கேட்பாள். ஒரு நாள், புதிதாக ஒரு போட்டி அறிவித்திருக்கிறார்கள், கொடுப்போமா என்றாள். வரி இருக்கிறது, மெட்டு இல்லை என்றேன்.

"மெட்டு எங்க கெடைக்கும்னு உங்களுக்குத் தெரியாதாண்ணே? நான் பஸ் ரூட்டு சொல்லணுமா?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். அன்றைக்கு லிட்டில் இந்தியாவில் கால் வைக்க இடம் இருக்காது. ஊருக்கு விடுமுறையில் போகும் தொழிலாளர்கள் பெட்டி வாங்க வந்திருந்தார்கள். பாய் ஒரு பெரிய பெட்டியின் மேல் ஏறி நின்று, உடையாது பார் என்று காட்டிக்கொண்டிருந்தான். எடை போட்டிருந்தான். தாடி வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் இறங்கினான்.

"வாங்க. என்ன சைஸ் பாக்குறீங்க?"

இருபது வருடம் என்னை வாடா என்று கூப்பிட்ட வாய்.

"பெட்டி வாங்க வரல பாய்."

"அப்ப ஓரமா நில்லுங்க. வாங்குறவங்க உள்ள வரணும்."

நின்றேன். ஒரு மணி நேரம் இருக்கும். அவன் ஐந்தாறு பெட்டி விற்றான். கம்பளி விற்றான். கடைசியில் என் பக்கம் திரும்பி, என்ன என்பது போலத் தலையை ஆட்டினான். போட்டி வருகிறது, வரி வைத்திருக்கிறேன், மெட்டு வேண்டும் என்றேன்.

"நீங்கதான் மெட்டு போடுவீங்களே. மைக்ல சொன்னாங்களே."

"எனக்குப் போடத் தெரியாது."

"அது எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப அங்க போய்ச் சொல்லுங்க. என் கடைல வந்து சொல்லி என்ன ஆவப்போவுது?"

அடுத்த ஆளுக்குப் பெட்டி காட்டப் போனான். நான் வெளியே வந்தேன். அவன் கேட்டதில் தப்பு எதுவும் இல்லை.

முதலில் பாடுகிறவளிடம் சொன்னேன். பரிசு அவளுக்கும் சேர்த்துத்தான். நான் போய்ச் சொன்னால் அவளுக்கும் போகும். பஸ் முனையத்தில் அவள் ஓய்வு நேரத்தில் உட்கார்ந்து பேசினோம். அவள் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து குடித்தாள். அந்தப் பரிசைக் காட்டித்தான் அவளுக்கு இரண்டு மேடை கிடைத்தது. அதை அவளே சொன்னாள். பிறகு, போய்ச் சொல்லுங்கள் அண்ணே என்றாள். மேடையில் பெயர் வாசித்தபோது பாயின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாளாம். ஸ்டிரிங்கைப் பிடித்த விரல்கள் வெளுத்துப் போயினவாம். அதற்குப் பிறகு அந்தப் பாட்டை எந்த மேடையிலும் பாடவில்லை என்றாள். எனக்கு அது தெரியாது.

போட்டி நடத்தியவர்களின் அலுவலகத்துக்குப் பலகையைத் துணியில் சுற்றி எடுத்துப் போனேன். தமிழ்ப் பெண் ஒருத்தி இருந்தாள். அந்தப் போட்டி நடந்தபோது அவள் படித்துக்கொண்டிருந்திருப்பாள். நான் சொன்னதைக் கேட்டு எழுதிக்கொண்டாள். பேனாவை வைத்தாள்.

"அங்கிள், ஆறு வருஷம் ஆச்சு. இதுவரைக்கும் யாரும் கம்ப்ளெய்ண்ட் பண்ணலையே."

"இப்ப நான் பண்றேன்லா."

"உங்க மேலயேவா?"

"ஆமா."

சிரிக்கலாமா என்று பார்த்தாள். சிரிக்கவில்லை. விதியைச் சொன்னாள். தப்பான பெயர் கொடுத்திருந்தால் பாட்டைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். பரிசும் போகும். என் பெயரை எடுத்துவிட்டுப் பாய் பெயரைப் போட முடியுமா என்று கேட்டேன். முடியாது என்றாள். அவர் அப்போது சம்மதம் கொடுக்கவில்லையே என்றாள். வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு வாருங்கள் என்றாள். யோசித்துவிட்டுத்தான் வந்தேன் என்றேன். அவள் ஆங்கிலத்தில் எழுதித் தந்த கடிதத்தை இரண்டு தடவை தமிழில் வாசித்துக் காட்டச் சொன்னேன். கையெழுத்துப் போட்டேன். பலகையை மேசையில் வைத்தேன். அலுவலகத்திலிருந்து வெளியே வந்தபோது கை லேசாக இருந்தது. மனசு அப்படி இல்லை.

பதில் தபாலில் வந்தது. ஆங்கிலம். பாடுகிறவள் வாசித்துச் சொன்னாள். பாட்டு எடுக்கப்பட்டது. பரிசு எடுக்கப்பட்டது.

"இப்ப அந்தப் பாட்டுல யாரு பேருமே இல்லண்ணே," என்றாள்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். இந்தத் தடவை செவ்வாய்க்கிழமை. கூட்டம் இல்லை. பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தான். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து வாசித்தான். மடித்து என்னிடம் கொடுத்தான்.

"வீட்ல அது ஒண்ணுதானே பரிசுன்னு இருந்துச்சு," என்றான்.

"அவ அதைத் தொடவே மாட்டா பாய். உன் பேரு எங்கன்னு கேட்டா. நான் பதில் சொல்லல."

அவன் கண்ணாடியைக் கழற்றினான். எழுந்து பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

"உக்காரு. பேசு."

சட்டைப் பையிலிருந்து மருந்து உறையை எடுத்தேன். அவன் அதைப் பிடுங்கிக்கொண்டான்.

"பாத்துப் படிக்காதடா. பேசு."

பேசினேன். முதல் சரணம் சொன்னேன். இரண்டாவது, டயாலிசிஸ் முடிந்து வரும் நாளில் அவளால் கழியைத் தூக்க முடியாமல் நான் தூக்குவது. துணியை எப்படிப் போடுவது என்று அவள் உட்கார்ந்துகொண்டு சொல்வாள். காலரைக் கீழே போடு, உதறிப் போடு என்பாள். அதைச் சொல்லும்போது ஒரு இடத்தில் எனக்குக் குரல் நின்றுவிட்டது. அவள் போன பிறகு நான் யாரிடமும் அவளைப் பற்றிப் பேசியதில்லை. வந்தவர்களுக்கெல்லாம் தலையை ஆட்டியதோடு சரி. கடையில், பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். மூச்சை இழுத்துவிட்டு மறுபடி தொடங்கினேன்.

பாய் என்னைப் பார்க்கவில்லை. பக்கத்துப் பெட்டியின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தான். மூன்றாவது சரணமும் முடிந்தது. அவன் கொஞ்சம் கொஞ்சமாக முனகத் தொடங்கினான். ஜிப் அதே வேகத்தில் போய்வந்தது. இரண்டாவது சரணத்தில் நான் நின்ற இடத்துக்கு வந்தபோது அவனும் நின்றான்.

"இங்க நீ மூச்சு விட்ட. இங்கதான் பாட்டும் நிக்கணும். டிரம் கிடையாது, கிதார் கிடையாது. எதுவும் கிடையாது."

"எவ்ளோ நேரம்?"

"நீ எவ்ளோ நேரம் நின்னியோ அவ்ளோ நேரம்."

கிதார் மேல்தட்டில் கம்பளி மூட்டைகளுக்குப் பின்னால் இருந்தது. ஸ்டிரிங்குகள் துருப்பிடித்திருந்தன. ஆறு வருடமாக அவனும் எடுக்கவில்லை.

ஒரு மாதம் வாசித்துப் பழகினோம். தொழிற்பேட்டையில் வாடகைக்கு எடுக்கும் ஒரு சின்ன அறை. பாயின் விரல் முட்டிகள் வீங்கியிருந்தன. பெட்டி தூக்கித் தூக்கி வந்தது என்றான். அரை மணிக்கு ஒருமுறை கையை உதறிக்கொள்வான். பாடுகிறவள், கிழவர்கள் இருவருக்கும் சேர்த்து ஒரு தைலம் வாங்கிவந்தாள்.

படிவத்தைப் பாடுகிறவளின் போனில் நிரப்பினோம். வரிகள் எழுதியவர் கட்டத்தில் என் பெயரை அடித்தேன். போனைப் பாயிடம் கொடுத்தேன். ஒரே விரலால் தன் பெயரை எழுத்து எழுத்தாக அடித்தான். அப்பா பெயரையும் சேர்த்து முழுசாக அடித்தான். கண்ணாடியைத் தூக்கிவிட்டுச் சரிபார்த்தான். அனுப்பும் பொத்தானை அவனே அழுத்தினான்.

போட்டி டோபி காட் பக்கம் ஒரு சின்ன அரங்கில், மாலை நேரத்தில் நடந்தது. பன்னிரண்டு குழுக்கள். பெரும்பாலும் சின்ன வயசுக்காரர்கள். லேப்டாப்பிலேயே பாதி இசையை வைத்திருந்தார்கள். ஒரு பையன், உங்கள் டிரம் உண்மையான டிரம்மா அங்கிள் என்று கேட்டான். ஆமாம் என்றேன். நன்றாகப் பாடினார்கள். அவர்களும் யாரோ ஒரு நாற்காலி அடுக்கும் ஆளுக்குப் பாடிவிட்டுத்தான் இங்கே வந்திருப்பார்கள்.

நாங்கள் ஏழாவது. மேடை ஏறினோம். அறிவிப்பாளர் அட்டையைப் பார்த்து வாசித்தார். வரிகள், என் பெயர். மெட்டு என்று சொல்லிக் கொஞ்சம் நிறுத்தினார். பாயின் பெயர் நீளம். அதை இரண்டாக உடைத்துத் தப்புத் தப்பாக வாசித்தார். பாய் குனிந்து ஏற்கெனவே சரியாக இருந்த ஸ்டிரிங்கை மறுபடி முறுக்கினான்.

"பேரைக் கொன்னுட்டான்," என்றான் என்னிடம், மைக்குக்குக் கேட்காமல்.

பாடினாள். இரண்டாவது சரணத்தில் நின்றோம். அரங்கில் யாரும் இருமவில்லை. ஒருவர் கைதட்டப் போய்க் கையை இறக்கிக்கொண்டார். மறுபடி தொடங்கினோம். முடித்தோம்.

பரிசு இல்லை. முதல் ஆறில்கூட இல்லை.

போட்டி முடிந்ததும் நடுவர்கள் எழுதிய தாளை ஒவ்வொரு குழுவுக்கும் கொடுத்தார்கள். பரிசு வாங்கியவர்கள் அதைப் பார்ப்பதில்லை. மற்றவர்கள் பார்ப்பார்கள். கல்யாண விருந்தில் யாரும் இப்படி எழுதிக் கொடுத்ததில்லை. சாப்பாட்டுக் கடை ஒன்றில் தேநீர் வாங்கிக்கொண்டு மூவரும் உட்கார்ந்தோம். பாடுகிறவள் வாசித்தாள். கடைசிச் சரணத்தில் டிரம் குரலை மூடுகிறது என்று ஒரு நடுவர் எழுதியிருந்தார். நிறுத்திய இடம் நன்றாக இருந்தது என்று இன்னொருவர். மூன்றாவது நடுவர் நீளமாக எழுதியிருந்தார். பாட்டு இரண்டாவது சரணத்திலேயே முடிந்துவிட்டது. மூன்றாவது சரணம் தேவையில்லை என்று.

மூன்றாவது சரணம் அவள் கடைசியாகத் துவைத்துப் போட்ட துணிகளைப் பற்றியது. அவள் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு மூன்று நாள் அவை கழியிலேயே கிடந்தன.

அடுத்த வருடம் இதையே திருத்தி வேறு போட்டிக்குக் கொடுக்கலாம் என்றாள் பாடுகிறவள். பாய் தாளை வாங்கி, கண்ணாடியைப் போட்டு, அந்த வரியைத் தானே ஒருமுறை வாசித்தான்.

"மூணாவதை வெட்டணும்," என்றான்.

"வெட்ட மாட்டேன்."

"நடுவர் சரியாத்தான் எழுதியிருக்கார்டா. ரெண்டாவதுல நின்னப்புறம் அதுக்கு மேல மெட்டு ஏறாது. நானே இழுத்துப் பிடிச்சுத்தான் வாசிச்சேன்."

"அவ துணி அதுலதான் பாய் இருக்கு."

"தெரியும். அது உன் வரி. உன்கிட்டயே இருக்கட்டும். யாரு வேணான்னா?" தேநீரைக் குடித்து முடித்தான். கோப்பையை வைத்தான். "ஆனா மெட்டு என்னோடது."

ஆமாம் என்றேன்.